ஏழு இல்லாத டோக்கன்கள்

இலோய்லோ
பிப்ரவரி 12

மனோங் டெல்ஃபின்,

இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வந்து சேருமா, படகில் ஐஸ் பெட்டிகளுக்கு நடுவே நனைந்து கூழாகிவிடுமா என்று தெரியவில்லை. என் நம்பரை நீங்கள் தடை செய்துவிட்டீர்கள். செய்யாவிட்டாலும் நீங்கள் மாற்றலாகிப் போயிருக்கும் தீவில் பள்ளிக்கூட மாடிக்கு ஏறினால்தான் சிக்னல் கிடைக்குமாம், படகுக்கார கார்லிங் சொன்னார். அதனால்தான் காகிதம்.

மூன்று முறை எழுதிக் கிழித்தேன். கடிதம் எழுத வரவில்லை. அறிக்கை எழுதத்தான் வருகிறது. அப்படியே எழுதுகிறேன், படித்துவிட்டுத் திட்டுங்கள்.

டிசம்பர் 28, மாலை 4.20. ஆயுத அறைக்குப் பின்னால், சீருடை உலர்த்தும் கொடிக்குக் கீழே. உங்கள் துப்பாக்கியை உறையோடு கழற்றி என்னிடம் நீட்டினீர்கள். “இண்டாய், இது கொஞ்ச நாள் உன்கிட்ட இருக்கட்டும். வீட்டுக்கு எடுத்துட்டுப் போக பயமா இருக்கு” என்றீர்கள். எட்டு வருடம் அண்ணனும் தங்கையுமாக, மனோங், இண்டாய் என்று கூப்பிட்டுக்கொண்டு, ஒரே போலீஸ் வண்டியில் ரோந்து போயிருக்கிறோம். உங்கள் வாயிலிருந்து பயம் என்ற சொல்லை அன்றுதான் கேட்டேன்.

அதுவரை நான் எல்லாவற்றையும் சரியாகத்தான் செய்தேன். மனம் சோர்ந்த சக போலீஸ்காரர்களுக்குக் காது கொடுக்கும் சகாக்கள் துணைப் பயிற்சியில் நான்கு நாள் சொல்லிக்கொடுத்தபடி அவசரப்படவில்லை, அறிவுரை சொல்லவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தேன். சூடாக பாட்சோய் சூப் வாங்கிவந்து, நீங்கள் பாதி குடிக்கும்வரை வாயைத் திறக்கவில்லை. உங்கள் தங்கைக்குப் போன் செய்து, அன்றிரவு நீங்கள் அவள் வீட்டில் தங்க ஏற்பாடு செய்தேன்.

மாலை 5.05. நிலையத்தில் அன்றாடம் நடப்பதைப் பதியும் ப்ளாட்டர் புத்தகத்தைத் திறந்தேன்.

துப்பாக்கி ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குப் போனால் எழுத வேண்டும். அகாடமியில் முதல் வாரமே அடித்துச் சொன்னது. எழுதாமல் இருந்தால் நாளைக்கு உங்களுக்கும் சிக்கல், எனக்கும் சிக்கல் என்று நினைத்தேன். ஒரு வரியோடு நிறுத்தியிருக்கலாம். காரணத்தையும் எழுதினேன். ‘ஸ்டாஃப் சார்ஜென்ட் சுமகாய்சாய், மனக்கலக்கம் காரணமாக, தன் பாதுகாப்புக் கருதி...’ கல்லூரியில் கட்டுரைக்குப் பரிசு வாங்கியவள் இல்லையா? காரணம் சொல்லாமல் வாக்கியத்தை முடிக்கத் தெரியவில்லை.

ப்ளாட்டரைப் பணி மாறும்போது எல்லோரும் படிப்பார்கள் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் எழுதினேன். இதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை.

பிறகு நடந்ததெல்லாம் உங்களுக்குத்தான் நடந்தது. நான் எழுதத் தேவையில்லை.

தாலாவுக்கு ஏழு மாதம் ஆகிறது, தவழ ஆரம்பித்துவிட்டாள். அவள் அப்பா ஜோமாரின் கப்பல் ஜூலையில்தான் திரும்பும், ஞானஸ்நானத்தையும் அதுவரை தள்ளிவைத்திருக்கிறோம். ஞானத்தகப்பன்மார் ஒன்பது பேர். முதல் பெயர் உங்களுடையது. நான் அதை அடிக்கவில்லை.

மன்னித்துவிடுங்கள்.

ரிசலின்

---

பந்திகன் தீவு
பிப்ரவரி 22

கார்ப்பரல் பாக்லிபார்,

உன் அறிக்கை கிடைத்தது. ஒரு பிழை. மணி 4.20 இல்லை, 4.15.

பிறகு நடந்ததை எழுதத் தேவையில்லை என்கிறாய். எழுது. ஜனவரி 2ஆம் தேதி என் லாக்கர் பூட்டில் ஒரு தண்ணீர்த் துப்பாக்கி தொங்கியது. இளஞ்சிவப்பு நிறம், பிளாஸ்டிக், ‘வயது மூன்றுக்கு மேல்’ என்று அச்சு. “சார்ஜென்ட், இது போதுமா, இதுக்கும் பயமா?” என்று யாரோ பின்னாலிருந்து கேட்டார்கள். எல்லோரும் சிரித்தார்கள். நிலையத்துக்கே தலைவரான மேஜரும் சிரித்தார். இதையும் ப்ளாட்டரில் ஏற்று.

ஜூலையில் டாக்டரை வைத்து என் மனநிலையை மறுபடியும் சோதிப்பார்கள். பணிக்குத் தகுதியில்லை என்று வந்தால் பதினாறு வருடத்தோடு வீட்டுக்குப் போகவேண்டியதுதான்.

மாலுக்குப் போனால் வாசலில் பை வைக்கிற கவுண்டர் இருக்குமே, அங்கே ஒரு பெண் நிற்பாள். பையை வாங்கிக்கொண்டு டோக்கன் கொடுப்பாள். பெயர் கேட்கமாட்டாள், உள்ளே என்ன என்று கேட்கமாட்டாள், திரும்பி வந்து டோக்கனைக் காட்டினால் பையைக் கொடுப்பாள். நாலு நாள் பயிற்சி எடுத்த உன்னைவிட, பயிற்சியே எடுக்காத அவளுக்கு ரகசியம் காக்கத் தெரியும்.

இனி எழுதாதே.

சுமகாய்சாய்

---

இலோய்லோ
மார்ச் 5

மனோங்,

எழுதாதே என்று சொன்னீர்கள். எழுதுகிறேன். எட்டு வருடத்தில் நீங்கள் சொன்னதை எத்தனை தடவை கேட்டிருக்கிறேன்?

உங்கள் கடிதத்தைப் படித்து ஒரு நாள் முழுக்க அழுதேன். மறுநாள் தாலாவைத் தூக்கிக்கொண்டு மாலுக்குப் போனேன். பை வைக்கிற கவுண்டர் முன்னால் அரை மணி நேரம் நின்றேன். அந்தப் பெண்ணுக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

“மேடம், பைய வைக்கணுமா, இல்ல சும்மா பாக்கணுமா?”

“உள்ள என்ன இருக்குன்னு நீங்க கேக்கவே மாட்டீங்களா?”

“எனக்கெதுக்கு மேடம்? நாறினா மட்டும் கேப்பேன். அன்னிக்கு ஒருத்தர் கருவாடு வெச்சிட்டு சினிமாவுக்குப் போய்ட்டார்.”

மனோங், நீங்கள் என்னைக் குத்துவதற்காகத்தான் அதை எழுதினீர்கள், தெரியும். ஆனால் யோசித்துப் பாருங்கள். அன்று நம் நிலையத்தில் அப்படி ஒரு கவுண்டர் இருந்திருந்தால்? ஆயுத அறையில் ஒரு பெட்டி. யார் வேண்டுமானாலும் வரலாம். துப்பாக்கியை வைத்துவிட்டு டோக்கன் வாங்கிக்கொள்ளலாம். புத்தகத்தில் எண் மட்டும் இருக்கும், பெயரும் காரணமும் இருக்காது. சகாக்கள் துணையில் இருக்கும் ஒருவர் மட்டும் அவரோடு பேசுவார், தேவைப்பட்டால் டாக்டரிடம் கூட்டிப்போவார். மனம் தெளிந்ததும் டோக்கனைக் கொடுத்துத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். அது தண்டனை ஆகாது, தகுதிச் சோதனையும் வராது.

நம் நிலையத்து ஆட்கள் பேச வராததற்குக் காரணம் துணைக்கு இருக்கும் நாங்கள் கேட்கத் தயாராக இல்லை என்பதா? சொன்னால் துப்பாக்கி போய்விடும், துப்பாக்கி போனால் பெயர் போய்விடும் என்பதுதானே?

நான் ஒரு மனு எழுதப் போகிறேன். அதில் எங்கே ஓட்டை இருக்கும் என்று உங்களைத் தவிர யாருக்கும் தெரியாது. ரோந்துக்கு வருமுன் நீங்கள் ஐந்து வருடம் ஆயுத அறைப் பொறுப்பில் இருந்தவர். திட்டுவதாக இருந்தால் ஓட்டைகளைச் சொல்லித் திட்டுங்கள்.

ரிசலின்

பின்குறிப்பு: தாலா எழுதியது கீழே. பேனாவைப் பிடுங்கிவிட்டாள்.

---

பந்திகன் தீவு
மார்ச் 21

ரிசலின்,

உன் மகளின் கையெழுத்து உன்னுடையதைவிடத் தெளிவாக இருக்கிறது.

ஓட்டை ஒன்று: ஒவ்வொரு துப்பாக்கிக்கும் வரிசை எண் இருக்கிறது. அதைப் புத்தகத்தில் எழுதினால் யாருடையது என்று நம் கேண்டீன் பூனைக்குக்கூடத் தெரிந்துவிடும். எழுதாவிட்டால் மேஜர் ஒத்துக்கொள்ளமாட்டார். ஓட்டை இரண்டு: வெறும் உறையோடு ஒருவன் வெளியே போனால் எல்லோருக்கும் புரிந்துபோகும். பணி முடிந்து போகும்போது எல்லோருமே துப்பாக்கியை வைத்துவிட்டுப் போகலாம் என்று ஆக்கு. பாதிப் பேர் சோம்பேறித்தனத்தில் வைப்பார்கள். அந்தக் கூட்டத்தில் வேண்டியவனும் கலந்துகொள்வான். ஓட்டை மூன்று: நீ எழுதும் மனு. இரண்டு பக்கத்துக்கு மேல் போகாதே. மேஜர் இரண்டாம் பக்கத்தில் தூங்கிவிடுவார்.

இங்கே நாங்கள் ஐந்து பேர். குற்றம் என்றால் ஆடு. யாருடைய ஆடு யாருடைய கீரையைத் தின்றது என்பது. என்னிடம் துப்பாக்கி இல்லை என்பதில் ஆடுகளுக்கு ஒன்றும் வருத்தமில்லை.

இன்னொன்று எழுதவேண்டும். நீ நிஜமாகவே டோக்கன் செய்தால் அதில் ஏழு இருக்கக்கூடாது.

நவம்பரில் ஜலசந்தியில் படகு கவிழ்ந்தபோது நீ பிரசவ விடுப்பில் இருந்தாய். கரைக்குக் கொண்டுவந்தது ஏழு பேரை. ஆறு பேரை உறவினர்கள் அன்றே அடையாளம் காட்டினார்கள். கடைசியாக நான் தூக்கிவந்த சிறுமியை மட்டும் யாரும் தேடி வரவில்லை. அவள் அம்மா ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்தாள் என்று பிறகுதான் தெரிந்தது. மூன்று நாள். அந்த மூன்று நாளும் ப்ளாட்டரில் என் கையால் ‘எண் ஏழு’ என்று எழுதினேன். எண் ஏழு குளிர் அறைக்கு மாற்றப்பட்டது. எண் ஏழின் ஆடை நீல நிறம். நான் எழுதுவது ஒரு பிள்ளையைப் பற்றி.

அதற்குப் பிறகு எந்தப் புத்தகத்தைத் திறந்தாலும் ஏழாவது வரிக்கு வரும்போது கை நிற்காமல் நடுங்கும். இதை நான் உன்னிடம்கூட அன்று சொல்லவில்லை.

அவள் இந்தத் தீவுக்காரி. மாற்றல் கேட்டபோது இந்தத் தீவை நானாகத்தான் கேட்டேன். அவள் வீட்டு வேலி வரைக்கும் மூன்று தடவை போய்த் திரும்பி வந்துவிட்டேன்.

இதை எங்கேயும் ஏற்றாதே.

டெல்ஃபின்

---

இலோய்லோ
ஏப்ரல் 16

மனோங்,

எங்கேயும் ஏற்றவில்லை. உங்கள் கடிதம் என் கல்யாண ஆல்பத்துக்குள் இருக்கிறது. அதை இனி யாரும் திறக்கப்போவதில்லை.

மனு தோற்றுவிட்டது.

இரண்டு பக்கத்தில் முடித்தேன், மேஜர் தூங்கவில்லை. தூங்கியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“பாக்லிபார், இது போலீஸ் ஸ்டேஷனா, பலசரக்குக் கடையா? நாளைக்கு மேலிடத்திலேர்ந்து வந்து இந்தத் துப்பாக்கி யாரோடதுன்னு கேட்டா, மூணாம் நம்பரோடது சார்னு சொல்லவா? என் தோள்ல இருக்கறத உருவிட்டுப் போய்டுவாங்க.”

“பேரு எங்கயாவது ஒரு எடத்துல இருக்கும் சார், ஆனா...”

“எங்க இருக்கும்? உன் மனசுலயா? அத எப்படிம்மா ஆய்வு பண்றது?”

நீங்கள் சொன்ன முதல் ஓட்டையை நான் அடைக்கவே இல்லை. வெளியே வந்தால் புடோய் காத்திருக்கிறான். பயிற்சி முடித்த நாளிலிருந்து எனக்கு அவன் வைத்த பெயர் மேடம் காது.

“மேடம் காது! என் சாப்பாட்டு டப்பாவுக்கு ஒரு டோக்கன் குடுங்க. அதுக்கும் மனசு சரியில்லையாம்.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, குழாயைத் திறந்துவிட்டு நின்றேன்.

மனோங், நீங்கள் எண் ஏழைப் பற்றி எழுதினீர்கள். நானும் ஒன்றை எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் இது நியாயமாக இருக்காது. தாலா பிறந்ததிலிருந்து என் துப்பாக்கியைப் பார்த்தாலே எனக்குப் பயமாக இருக்கிறது. முதலில் அலமாரி மேலே வைத்தேன். பிறகு அரிசி டின்னுக்குள். பிறகு துண்டில் சுற்றிக் கூரைச் சட்டத்துக்கு இடையில். அவள் நாற்காலியைப் பிடித்து எழுந்து நிற்க ஆரம்பித்த நாளிலிருந்து இன்னும் மோசம். அவள் தூங்கியதும் எழுந்து பார்ப்பேன். துப்பாக்கி இருக்கிறதா, பிள்ளை மூச்சு விடுகிறதா. துப்பாக்கி, பிள்ளை, துப்பாக்கி, பிள்ளை. நேற்று எண்ணினேன், பதினோரு தடவை. ஜோமாரிடம் சொன்னால் நடுக்கடலில் அவன் என்ன செய்வான்? நிலையத்தில் சொன்னால் பிள்ளை பெற்றதும் இவளுக்குப் புத்தி கெட்டுவிட்டது என்பார்கள்.

அந்தப் பயிற்சிக்கு நான் கை தூக்கியது மற்றவர்களுக்கு உதவ என்று எல்லோரிடமும் சொன்னேன். கடைசி நாளில் ‘உங்களுக்கு?’ என்று யாராவது கேட்பார்கள் என்று காத்திருந்தேன். யாரும் கேட்கவில்லை.

மனுவைக் கிழித்துப் போட்டுவிடலாம் என்றிருக்கிறேன்.

ரிசலின்

---

பந்திகன் தீவு
ஏப்ரல் 18, காலை 6.10

இண்டாய்,

கார்லிங் படகை நிறுத்தி வைத்திருக்கிறார். மீன் கெட்டுப்போகும் என்று கத்துகிறார். கத்தட்டும்.

நான் நேராகக் கேட்கிறேன், நீயும் நேராகப் பதில் சொல். உன்னையோ பிள்ளையையோ ஏதாவது செய்துகொள்வாய் என்று எப்போதாவது தோன்றுகிறதா? ஆமாம் என்றால் இந்தக் கடிதத்தைக் கீழே வைத்துவிட்டு இப்போதே என் தங்கைக்குப் போன் செய், அவள் வந்து நிற்பாள். இல்லை என்றாலும் இன்றே சுகாதார நிலையத்துக்குப் போ. பிள்ளை பெற்றவர்களுக்கு இப்படி வருவது உண்டு, அதற்கு வைத்தியம் உண்டு. இங்கே இருக்கும் நர்ஸிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். உன் பெயரைச் சொல்லவில்லை.

அந்தத் துப்பாக்கியை இன்று காலையே ஆயுத அறையில் கொடு. பிள்ளையைப் பக்கத்து வீட்டு பேபிங்கிடம் விட்டுவிட்டுப் போ. ‘பராமரிப்புக்கு’ என்று பொய் எழுதாதே. காரணமும் எழுதாதே. பெயர், எண், ஒப்படைத்தார். முற்றுப்புள்ளி. உன்னால் முடியும். கட்டுரைப் பரிசை மற.

மேஜர் கேட்டதற்குப் பதில்: தேர்தல் அன்று பள்ளிக்கூடத்தில் வாக்குப் பெட்டிக்குக் காவல் நின்றோமே, ஞாபகம் இருக்கிறதா? டீச்சர்கள் கணக்குத் தாளை உறையில் போட்டு ஒட்டி, ஒட்டின இடத்துக்கு மேலே குறுக்காக மூன்று பேர் கையெழுத்துப் போட்டார்கள். யார் பிரித்தாலும் கையெழுத்து கிழியும். அதையே செய். பெயரும் வரிசை எண்ணும் உறைக்குள். ஒட்டு மேல் கொடுத்தவர், ஆயுத அறைக்காரர், துணையாள் மூவரின் கையெழுத்தும். புத்தகத்தில் டோக்கன் எண் மட்டும். மேலிடம் எழுத்தில் ஆணை கொடுத்தால் மேஜரே பிரிக்கலாம். சும்மா தெரிந்துகொள்ளப் பிரித்தால் கிழிசல் காட்டிக்கொடுத்துவிடும்.

‘உங்களுக்கு?’ என்று கேட்க யாருமில்லை என்றாய். நான் கேட்கிறேன். இனி ஒவ்வொரு படகுக்கும் கேட்பேன்.

இதோடு இன்னொரு தாள் வைத்திருக்கிறேன். அதை உன் விருப்பம்போல் செய். என் பெயர் அதில் இருக்கட்டும்.

டெல்ஃபின்

---

இலோய்லோ
மே 29

மனோங்,

முதலில் உங்கள் கேள்விக்குப் பதில், நேராகவே. இல்லை, அப்படித் தோன்றவில்லை. ஆனாலும் போனேன். டாக்டர் அம்மா நான் சொல்லி முடிக்கும்வரை பேனாவைத் தொடவில்லை. மருந்து கொடுத்திருக்கிறார், வாரம் ஒரு முறை போய்ப் பேசுகிறேன். நேற்று ஐந்து மணி நேரம் தொடர்ந்து தூங்கினேன்! காலையில் எழுந்து முதலில் பயந்துபோனேன், யாரோ என் பிள்ளையைத் தூக்கிப்போய்விட்டார்கள் என்று. அவள் பக்கத்தில் உட்கார்ந்து என் செருப்பைத் தின்றுகொண்டிருந்தாள்.

இப்போது மே 8ஆம் தேதிக்கு வருகிறேன்.

திங்கட்கிழமைக் கொடியேற்று. பாட்டு முடிந்தது. யாருக்காவது அறிவிப்பு உண்டா என்று மேஜர் வழக்கம்போல் கேட்டார். யாரும் எப்போதும் கை தூக்கியதில்லை. தூக்கினேன். உங்கள் தாளை எடுத்தேன். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். நீங்கள் எழுதியதில் ஒரு எழுத்தைக்கூட மாற்றாமல் படித்தேன்.

“என் பேரு டெல்ஃபின் சுமகாய்சாய். அஞ்சு மாசம் முன்னால எனக்குப் பயம் வந்துச்சு. ஒரு சகாகிட்ட சொன்னேன். அதனாலதான் இன்னிக்கு இதை எழுத உயிரோட இருக்கேன். அப்புறம் என்னைப் பாத்து சிரிச்சீங்க. அதனாலதான் இன்னொருத்தன் சொல்லமாட்டான். அந்த இன்னொருத்தன் இப்ப உங்க வரிசையிலதான் நிக்கிறான். யாருன்னு எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது. அவனுக்கு மட்டும் தெரியும்.”

வரிசையில் நாற்பத்திரண்டு பேர். எல்லோரும் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் இருப்பவன் முகத்தைப் பார்க்க யாருக்கும் தைரியம் இல்லை.

பிறகு உங்கள் தாளில் இல்லாத ஒன்றை நானாகச் சொன்னேன். “என் துப்பாக்கியும் மூணு வாரமா ஆயுத அறையிலதான் இருக்கு. வீட்ல வெச்சிக்க பயமா இருந்துச்சு. அவ்ளோதான்.”

அப்போது மூன்றாம் வரிசையிலிருந்து புடோய் ஒரு அடி முன்னால் வந்தான். இந்த மேடம் காதும் உங்களோடு சேர்ந்து கேலிக்கு ஆளாகப்போகிறது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

“சார்,” என்றான் மேஜரிடம். “அந்தத் தண்ணித் துப்பாக்கிய மாட்டினது நாந்தான். என் பையனோடது. அவன் இன்னும் தேடிட்டிருக்கான்.”

யாரும் சிரிக்கவில்லை. அவனும் சிரிக்கவில்லை. மனோங், அவன் கண் சிவந்திருந்தது. எட்டு வருடத்தில் அவன் முகத்தில் வாய் தவிர வேறு எதையும் நான் பார்த்ததில்லை.

மேஜர் தன் பூட்ஸைப் பார்த்தார். “நானும் சிரிச்சேன்” என்றார். அவ்வளவுதான். அணியைக் கலையச் சொன்னார். அரை மணி கழித்து என்னைக் கூப்பிட்டார். மேசையில் என் பழைய மனு, மேலே காபி வட்டம். தேர்தல் உறையைப் பற்றிச் சொன்னேன். ஒட்டின இடத்துக் கையெழுத்தை விரலால் காட்டச் சொன்னார். இரண்டு தடவை காட்டினேன்.

“இது யாரோட மூளை? உன்னோடதா?”

“மூணு பேரோடது சார். சார்ஜென்ட் சுமகாய்சாய், நான், மால் கவுண்டர்ல நிக்கிற பொண்ணு.”

“மூணு மாசம்” என்றார். “ஓடுதான்னு பாப்போம். ஓடலேன்னா நீ கேண்டீன் பொறுப்பு.” கையெழுத்துப் போட்டுவிட்டார், மனோங்! நான் சல்யூட் அடித்துவிட்டு வாசல் கதவை இழுக்கிறேன், இழுக்கிறேன், வரவில்லை. தள்ள வேண்டிய கதவு.

டோக்கன்களைப் பெரிய மார்க்கெட்டில் சாவி வெட்டுகிறவரிடம் செய்தேன். பித்தளை, ஒன்றிலிருந்து இருபத்தொன்று வரை. “ஏழு ராசியான நம்பர் மேடம், அத ஏன் விடறீங்க?” என்று அவர் விடவில்லை. அது ஒருவருடைய இடம், காலியாகத்தான் இருக்கும் என்றேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை. எண்ணிப் பார்த்து இருபது கொடுத்தார்.

பணி முடிந்து போகும்போது எல்லோரும் வைக்கலாம் என்று நீங்கள் சொன்னபடியே செய்தோம். சந்தைக்குப் போகிறவன் வைக்கிறான், குடிக்கப் போகிறவன் வைக்கிறான். இரண்டாவது வாரம் நான்காம் எண்ணை ஒருவர் வாங்கினார். வாங்கிக்கொண்டு போகாமல் நின்றார். “கொஞ்சம் உக்காரலாமா?” என்றார். சீருடை உலர்த்தும் கொடிக்குக் கீழேயே உட்கார்ந்தோம். ஒன்றரை மணி நேரம். பாட்சோய் முழுவதும் குடித்தார்.

அவர் யார் என்று சொல்லமாட்டேன். உங்களிடம்கூட. கேட்காதீர்கள்.

ஒன்றாம் எண் என்னுடையது. அதை மட்டும் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன்.

ரிசலின்

---

பந்திகன் தீவு
ஜூலை 14

இண்டாய்,

நான்காம் எண் யார் என்று நான் கேட்கவில்லை. கவனித்தாயா?

செய்தியை முதலில் சொல்கிறேன். தேறிவிட்டேன். சோதித்த டாக்டர் கடைசியில் கேட்டார்: “இலோய்லோவுல டோக்கன் போட்டாங்களே, அந்த சுமகாய்சாய் நீங்கதானா?” ஆமாம் என்றேன். கோப்பை மூடிவிட்டு எழுந்து கை கொடுத்தார். மேலிடத்தில் உன் இரண்டு பக்க மனுவை நகல் எடுத்து இன்னும் ஆறு நிலையங்களுக்கு அனுப்புகிறார்களாம். காபி வட்டத்தோடு. பார்த்தாயா, இரண்டு பக்கத்தோடு நிறுத்தியது நல்லதாகிவிட்டது.

ஆகஸ்ட் முதல் தேதி பழைய வேலைக்குத் திரும்புகிறேன். அதற்கு முன் நான்கு நாள் சகாக்கள் துணைப் பயிற்சி. எனக்கும் காது வைக்கப்போகிறார்கள். புடோயிடம் சொல், புதுப் பெயர் யோசிக்கட்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை அந்த வேலிக்குள் போனேன். சிறுமியின் அம்மாதான் கதவைத் திறந்தாள். நான் யார் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அவளே சொன்னாள். “நீங்கதானே அவளத் தூக்கிட்டு வந்தவர்? பிப்ரவரியிலேர்ந்து வேலிக்கிட்ட வந்து வந்து போறீங்க. எங்க வீட்டு நாய்கூடக் குரைக்கறத விட்டுடுச்சு. உள்ள வாங்க, கணவாய் ஆறிடும்.” கணவாய்க் குழம்பும் சோறும். இரண்டு தடவை போட்டுக்கொண்டேன். சிறுமியின் பெயர் லிகாயா, அம்மா சொன்னாள், பள்ளியில் கூப்பிட்டது லிக்காய். நீல ஆடையை அவளேதான் தேர்ந்தெடுத்தாளாம், அம்மா மஞ்சள் வாங்கச் சொன்னாளாம். மாலை வரை அவளைப் பற்றியே பேசினோம். எண் வரவே இல்லை.

நேற்று ப்ளாட்டரில் எழுதினேன். ஏழாவது வரி, ஆடு பற்றி. கை நடுங்கவில்லை.

ஞானஸ்நானம் 30ஆம் தேதி பத்து மணிக்கு என்று கார்லிங் சொன்னார். அவரும் வருகிறாராம், யாரும் கூப்பிடாமலேயே. ஜோமாரிடம் சொல், ஒன்பது ஞானத்தகப்பன்மாரில் முதலில் நிற்பவன் நான்தான், வரிசை மாறினால் புகார் கொடுப்பேன்.

வெறுங்கையோடு வரமாட்டேன். ஜனவரியில் அந்தத் தண்ணீர்த் துப்பாக்கியைக் கடலில் எறியத்தான் எடுத்து வந்தேன். எறிய மனம் வரவில்லை. இளஞ்சிவப்பு இன்னும் மங்கவில்லை, விசை நன்றாக இருக்கிறது, நேற்று ஒரு ஆட்டின் மேல் சோதித்துப் பார்த்தேன். வயது மூன்றுக்கு மேல் என்று போட்டிருக்கிறது, ஆனால் தாலா என் ஞானமகள், முன்னதாகவே கற்றுக்கொள்வாள். புடோயின் பையனுக்குப் புதிதாக ஒன்று வாங்கியிருக்கிறேன், பச்சை.

கோவிலுக்குள் தண்ணீர் நிரப்பிக்கொண்டுதான் நுழைவேன். புடோயை முன் வரிசையில் உட்கார வை. மேஜரை அவனுக்குப் பக்கத்தில்.

மறக்காமல் ப்ளாட்டரில் ஏற்று. இந்த முறை காரணத்தையும் எழுதலாம்.

உன் மனோங்
டெல்ஃபின்